தலைவிதியா, தூசியா?

ஒரு தொழிலாளி நாற்பது வயதில் இருமி இருமி இளைத்துச் சாகிறான் என்று வைத்துக் கொள்ளுவோம். அவன் செத்ததற்குக் காரணம் என்னவென்று கேட்டால் நம் நாட்டில் மூன்று பதில்கள் எப்போதும் தயாராக இருக்கின்றன. வீட்டார், "அவன் தலையெழுத்து அவ்வளவுதான்" என்பார்கள். கருமாதி செய்ய வந்த புரோகிதர், "பூர்வ ஜென்மத்தில் செய்த பாவம்" என்பார். முதலாளியின் மேஸ்திரியோ, "குடித்துக் குடித்து உடம்பைக் கெடுத்துக் கொண்டான்" என்பான். இம்மூவரும் வெவ்வேறு மனிதர்களானாலும் அவர்கள் சொல்லும் பதில்களில் ஒரு ஒற்றுமை இருக்கிறது. அதாவது, அந்தத் தொழிலாளி இருபது வருஷ காலம் எந்த இடத்தில் நின்று, எந்தக் காற்றைச் சுவாசித்து, எந்தக் கல்லை உடைத்தான் என்பதை இவர்களில் ஒருவரும் கேட்பதில்லை. செத்தவனுடைய விதியையோ, பாவத்தையோ, ஒழுக்கத்தையோ குறை சொல்லி விட்டால் உயிரோடிருக்கிறவர்களில் யாரும் எதற்கும் பொறுப்பாளியாக வேண்டியதில்லையல்லவா?

நாலாவது பதில் ஒன்று உண்டு. அது கேட்டவுடன் கிடைப்பதல்ல, தேடினால்தான் கிடைக்கும். காற்றிலுள்ள தூசியை அளந்து, ஆயிரம் பேருடைய நெஞ்சைப் பரிசோதித்து, வருஷக்கணக்காகக் கணக்கு வைத்துக் கண்டுபிடிக்க வேண்டிய பதில் அது. அதைத் தேடுவது யாருடைய வேலை என்பதே நாம் இன்று பேச எடுத்துக் கொண்ட விஷயம். சர்க்காரின் வேலை, அதிலும் முதலாளிக்கும் மந்திரிக்கும் அஞ்ச வேண்டாத சர்க்கார் ஆராய்ச்சியாளரின் வேலை என்பது நமது அபிப்பிராயம். ஏன் அப்படிச் சொல்லுகிறோம் என்பதை விளக்குவோம்.

கோலார் கற்பித்த பாடம்

கோலார் தங்க வயலைப் பற்றித் தமிழ் மக்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மைசூர் ராஜ்யத்திலிருந்த அந்தச் சுரங்கங்களில் இறங்கி வேலை செய்தவர்களில் பெரும் பகுதியார் வட ஆற்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து பிழைக்கப் போன தமிழர்கள். அவர்களிலும் மிகப் பெரும்பாலோர் தீண்டாதவரென்று ஊருக்கு வெளியே நிறுத்தி வைக்கப்பட்டிருந்த மக்கள். 1880-ல் வெள்ளைக்காரக் கம்பெனியார் அங்கு புது முறையில் சுரங்கம் தோண்ட ஆரம்பித்தார்கள். 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்து விட்டது. இந்தியாவில் எத்தனையோ பட்டணங்கள் மண்ணெண்ணெய் விளக்கில் இருந்த காலத்தில் கோலார் சுரங்கத்தில் மின்சார இயந்திரம் ஓடிற்று. தங்கத்தை எடுப்பதற்கு வேண்டிய விஞ்ஞானம் அவ்வளவு சீக்கிரம் வந்து சேர்ந்தது.

ஆனால் தங்கத்தை எடுக்கிறவனுடைய நெஞ்சுக்குள் என்ன போகிறது என்று பார்க்கும் விஞ்ஞானம் எப்போது வந்தது? பாறைத் தூசியினால் நுரையீரல் கெட்டுப் போகும் சிலிக்கோசிஸ் என்னும் வியாதி கோலாரில் உண்டு என்று முதன் முதல் எழுத்தில் பதிவானது 1934-ல். இந்தியாவிலேயே அவ்வியாதியைப் பற்றிய முதல் பதிவும் அதுதான். மின்சாரம் வந்து 32 வருஷத்திற்குப் பிறகு, சுரங்கம் ஆரம்பித்து 54 வருஷத்திற்குப் பிறகு! பின்னர் 1940-க்கு மேல் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரைப் பரிசோதித்துப் பார்த்தபோது, நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அந்த வியாதி இருந்தது தெரிய வந்தது. பார்ப்பதற்கு முன்பும் வியாதி இருந்தது. பார்க்காத வரையில் அது தலைவிதி; பார்த்த பிறகு அது தூசி. இவ்வளவுதான் வித்தியாசம். அந்த 54 வருஷத்தில் பெயர் தெரியாத வியாதியால் செத்தவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கில்லை. தங்கத்திற்கு மட்டும் அவுன்சு சுத்தமாகக் கணக்கிருக்கிறது.

இந்த வியாதி எப்படி உண்டாகிறது என்பதை ஒவ்வொரு தொழிலாளியும் தெரிந்து கொள்ளுவது நல்லது. கல்லைத் துளைக்கும்போதும் உடைக்கும்போதும் இழைக்கும்போதும் கிளம்பும் தூசியில் கண்ணுக்குத் தெரியும் தூசி அவ்வளவு கெடுதலானதல்ல. அது மூக்கிலும் தொண்டையிலும் தங்கிச் சளியோடு வெளியே வந்து விடும். கண்ணுக்கே தெரியாத மிக நுண்ணிய சிலிக்காத் தூசிதான் நுரையீரலின் அடிவரையில் போய்ச் சேருகிறது. உடம்பின் காவல் அணுக்கள் அதை விழுங்கிப் பார்த்து, ஜீரணிக்க முடியாமல் தாங்களே செத்துப் போகின்றன. அந்த இடத்தில் தழும்பு விழுகிறது. தழும்பு விழுந்த பாகம் மறுபடி காற்றை வாங்காது. பத்து இருபது வருஷம் கழித்துத்தான் மூச்சு முட்டல் தெரியும். அதற்குள் காசநோயும் சுலபத்தில் வந்து ஒட்டிக் கொள்ளும். தழும்பை நீக்க மருந்து கிடையாது. ஆகவே வந்த பிறகு வைத்தியம் செய்யும் வியாதியல்ல இது. வராமல் தடுக்க வேண்டிய வியாதி. தடுப்பதும் பெரிய ரகசியமல்ல. தண்ணீர் விட்டு நனைத்துத் துளைப்பதும், தூசி கிளம்பும் இடத்திலேயே உறிஞ்சி எடுப்பதும், அடிக்கடி காற்றை அளப்பதுமே போதும்.

யார் எண்ணுவது?

இருபது வருஷம் கழித்து வெளியாகும் வியாதியை அந்தத் தொழிலாளியின் மனைவி எப்படிக் கண்டுபிடிப்பாள்? அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு சாவு. ஒரு சாவைப் பார்த்தால் விதி என்றுதான் தோன்றும். ஊர் வைத்தியருக்குப் பத்துச் சாவு தெரியலாம். அவர் காசநோய் என்று எழுதி விடுகிறார். ஒரே தொழில் செய்த ஆயிரம் பேரையும், அந்தத் தொழில் செய்யாத ஆயிரம் பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்க்கிறவனுக்குத்தான் விதி மறைந்து காரணம் தெரியும். அப்படி எண்ணுவதற்குப் பணம் வேண்டும், கருவி வேண்டும், படித்தவர்கள் வேண்டும், பல வருஷம் பொறுமை வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாகச் சுரங்க வாசலிலும் தொழிற்சாலை வாசலிலும் தடுக்கப்படாமல் நுழையும் அதிகாரம் வேண்டும். தொழிலாளிக்கு இதில் ஒன்றும் கிடையாது. முதலாளிக்கு எல்லாம் உண்டு. ஆனால் எண்ணினால் நஷ்ட ஈடு கொடுக்க நேருமே என்ற பயமும் கூடவே உண்டு. அவரைக் கெட்டவர் என்று சொல்ல வேண்டியதில்லை. தனக்கு விரோதமாகத் தானே சாட்சி தேடும் மனிதர் உலகத்தில் அபூர்வம் என்று மட்டும் சொல்லுகிறோம்.

எண்ணுவார் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு உதாரணம் இருக்கிறது. மேற்கு வர்ஜீனியா மாகாணத்தில் ஹாக்ஸ் நெஸ்ட் என்னுமிடத்தில் 1930, 1931-ம் வருஷங்களில் ஒரு மலையைக் குடைந்து ஆற்று நீரைத் திருப்பிவிடச் சுரங்கப் பாதை வெட்டினார்கள். மலை முழுவதும் சிலிக்காப் பாறை. தண்ணீர் விட்டுத் துளைத்தால் வேலை தாமதமாகும் என்று உலர்ந்தபடியே துளைத்தார்கள். உள்ளே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் வேறு மாகாணங்களிலிருந்து வேலை தேடி வந்த நீக்ரோ மக்கள். பத்து இருபது வருஷத்தில் வர வேண்டிய வியாதி அவர்களுக்குச் சில மாதங்களிலேயே வந்தது. 1936-ல் அமெரிக்கக் காங்கிரசின் கமிட்டி ஒன்று இதை விசாரித்தபோது 476 பேர் செத்ததாகச் சொல்லப்பட்டது. ஐம்பது வருஷம் கழித்து 1986-ல் ஒரு வைத்தியர் பழைய தஸ்தாவேஜுகளைத் தேடி ஆராய்ந்து 764 பேர் இருக்கலாம் என்று கணக்கிட்டார். சரியான எண்ணிக்கை இன்றளவும் யாருக்கும் தெரியாது. அங்கு நிறம், கோலாரில் சாதி. எவருடைய உயிர் சமூகத்தில் மலிவோ அவரைத்தான் தூசி அதிகமுள்ள இடத்தில் நிறுத்துகிறார்கள். அவருடைய சாவைத்தான் எண்ணாமலும் விடுகிறார்கள். தூசிக்குச் சாதியும் நிறமும் தெரியாது; தூசியில் யாரை நிறுத்துவது என்று தீர்மானிக்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பெரியவர் சொன்னால் போதுமா?

"விஞ்ஞானிகள் இருக்கிறார்களே, அவர்களே சொல்லி விடுவார்களே, சர்க்கார் தனியாக ஆராய்வானேன்?" என்று சிலர் கேட்கலாம். இதற்கு இங்கிலாந்தின் அனுபவமே பதில்.

ஜே. எஸ். ஹால்டேன் என்பவர் இங்கிலாந்தில் பேர் பெற்ற விஞ்ஞானி. சுரங்கத்தில் விஷக்காற்று இருக்கிறதா என்று முன்கூட்டியே தெரிந்து கொள்ளச் சிறு குருவிகளைக் கூண்டில் வைத்து உள்ளே கொண்டு போகும் முறையைச் சொல்லிக் கொடுத்து எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியவர். பாறைத் தூசியின் கெடுதலையும் அறிந்தவர். அப்படிப்பட்டவரே, நிலக்கரித் தூசி நெஞ்சுக்குக் கெடுதலில்லை என்று நம்பினார், சொன்னார். சொன்னவர் பெரியவரானபடியால் உலகமும் நம்பிற்று. நிலக்கரிச் சுரங்கத்தில் மூச்சு முட்டிச் சாகிறவர்களுக்கு நஷ்ட ஈடும் கிடைக்கவில்லை.

பிறகு என்ன நடந்தது? சர்க்கார் பணத்தில் நடக்கும் வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சிலார் 1937-க்குப் பின் தென் வேல்ஸ் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளரை நேரில் பரிசோதித்தார்கள். நிலக்கரித் தூசியினாலும் நுரையீரல் கெடுகிறது என்று கண்டார்கள். 1942-ல் அதை வெளியிட்டார்கள். 1943-ல், யுத்தம் நடந்து கொண்டிருந்த காலத்திலேயே, அவ்வியாதிக்கும் நஷ்ட ஈடு கொடுக்க ஏற்பாடாயிற்று. 1945-ல் கார்டிப் நகரத்தை அடுத்து இதற்கென்றே தனி ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. ஹால்டேன் யோக்கியர்தான்; ஆனாலும் அவர் சொன்னது தப்பு. ரிஷி சொன்னாலும் சரி, விஞ்ஞானி சொன்னாலும் சரி, நேரில் போய்ப் பார்த்து எண்ணிய பிறகே நம்ப வேண்டும் என்பதுதான் பகுத்தறிவு. அப்படிப் போய்ப் பார்க்கிற வேலைக்குத்தான் ஆராய்ச்சி நிலையம் என்று பெயர்.

அமெரிக்கா செய்த காரியம்

இங்கிலாந்து 1943-ல் ஒப்புக்கொண்டதை அமெரிக்கா ஒப்புக்கொள்ள மேலும் 26 வருஷம் ஆயிற்று. அதுவும் சும்மா ஆகவில்லை. 1968 நவம்பர் 20-ந் தேதி மேற்கு வர்ஜீனியாவில் பார்மிங்டன் என்னுமிடத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 78 பேர் மாண்டார்கள். அதற்கு மறு வருஷத் தொடக்கத்தில் அம்மாகாணத்துச் சுரங்கத் தொழிலாளர் சுமார் 40,000 பேர், கூலி உயர்வுக்காக அல்லாமல் தங்கள் நெஞ்சு வியாதிக்குச் சட்டம் வேண்டுமென்று வேலை நிறுத்தம் செய்தார்கள். 1969 டிசம்பரில் நிலக்கரிச் சுரங்கச் சுகாதாரச் சட்டம் வந்தது. 1970 டிசம்பரில் எல்லாத் தொழில்களுக்குமாகத் தொழிற் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது.

இந்த 1970-ம் வருஷத்துச் சட்டத்தில் ஒரு புத்திசாலித்தனமான ஏற்பாடு இருக்கிறது. அதன்படி இரண்டு ஸ்தாபனங்கள் ஏற்பட்டன. ஒன்று, விதிகள் செய்து தொழிற்சாலைகளைச் சோதனை போட்டு அபராதம் விதிக்கும் இலாகா. அது தொழில் மந்திரியின் கீழ் இருந்தது. மற்றொன்று ஆராய்ச்சி நிலையம். அதை வேண்டுமென்றே சுகாதார இலாகாவின் கீழ் வைத்தார்கள். அபராதம் போடுகிறவன் ஒருவன், உண்மையைக் கண்டுபிடிக்கிறவன் ஒருவன் என்று பிரித்ததன் பலன் என்னவென்றால், ராஜீயக் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் உண்மையைச் சொல்லுகிறவனுடைய வாய் அடைபடாமல் இருக்க வழி ஏற்பட்டது. தொழிலாளரோ அவர்களுடைய சங்கமோ, "எங்கள் தொழிற்சாலைக் காற்றில் ஏதோ இருக்கிறது, வந்து பாருங்கள்" என்று எழுதிப் போட்டால் ஆராய்ச்சியாளர் வந்து பார்க்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தில் எழுதப்பட்டது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிக்கோ, செலவில்லாமல் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து முடிவை அவனிடம் மட்டும் சொல்லுவது, முதலாளியிடம் சொல்லாமல் ரகசியமாக வைப்பது, வியாதியின் அறிகுறி தெரிந்தால் தூசி குறைந்த வேலைக்கு மாற்றிக் கொள்ளும் உரிமை தருவது என்று மூன்று காரியங்கள் செய்தார்கள்.

நம் நாட்டு ஜனங்களும் இந்த நிலையத்தின் வேலையைத் தங்கள் மூக்கின் மேலேயே வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 2020-ல் கொரோனா வந்தபோது 'என்95' என்னும் முகமூடியைத் தேடிக் கடைக்குக் கடை அலைந்தோமல்லவா? அந்தப் பெயருக்குரிய அளவுகளை வகுத்து, முகமூடிகளைப் பரிசோதித்து அத்தாட்சி கொடுக்கும் ஸ்தாபனம் இதுதான். தொழிலாளியின் மூக்குக்காக ஏற்பட்டது எல்லோருடைய மூக்குக்கும் உதவிற்று.

பலன் என்ன? 1970-க்குப் பின் முப்பது வருஷத்தில் சுரங்க நெஞ்சு வியாதி வெகுவாகக் குறைந்தது. ஒழிந்தே போகும் என்று கூட நினைத்தார்கள். ஆனால் 2000-க்குப் பிறகு அது மறுபடி தலை தூக்கிற்று. தடித்த நிலக்கரிப் படுகைகள் தீர்ந்து போனபடியால் மெல்லிய படுகைகளை வெட்டினார்கள். மெல்லிய படுகையை வெட்டினால் மேலும் கீழும் உள்ள பாறையையும் சேர்த்து வெட்ட வேண்டும். பாறையில் சிலிக்கா இருக்கிறது. இதை யார் கண்டுபிடித்தார்கள்? வருஷா வருஷம் எக்ஸ்ரே எடுத்துக் கணக்கு வைத்துக் கொண்டிருந்த அந்த நிலையத்தார்தான். கென்டக்கி, வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா மாகாணங்களின் மலைப் பிரதேசத்தில் 25 வருஷத்திற்கு மேல் சுரங்க வேலை பார்த்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு வியாதி இருக்கிறது என்று 2018-ல் வெளியிட்டார்கள். வர்ஜீனியாவில் மூன்றே மூன்று ஆஸ்பத்திரிகளில், 2013 முதல் 2017 வரைக்குள், வியாதி முற்றிப்போனவர்கள் மட்டும் 416 பேர் என்றும் அவ்வருஷமே வெளியாயிற்று. எண்ணுகிறவன் இல்லாதிருந்தால் இந்த 416 பேரும் தனித்தனித் தலைவிதியாகத்தானே போயிருப்பார்கள்?

அமெரிக்கா செய்யாத காரியம்

இவ்வளவு சொன்னதனால் அமெரிக்காவை நாம் புகழ்ந்து விட்டதாக எவரும் எண்ண வேண்டாம். கண்டுபிடிப்பது ஒன்று, கண்டுபிடித்ததைக் கேட்டு நடப்பது வேறொன்று.

ஒரு கன மீட்டர் காற்றில் சிலிக்காத் தூசி 50 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று அந்த ஆராய்ச்சி நிலையம் 1974-லேயே சொல்லிற்று. மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இந்த அளவைச் சுரங்கங்களுக்குச் சட்டமாக்கிய விதி வெளிவந்தது 2024 ஏப்ரலில். சரியாக 50 வருஷம்! ஒரு மைக்ரோகிராமுக்கு ஒரு வருஷம் வீதம் யோசித்தார்கள் போலும். அந்த விதியும் நிலக்கரிச் சுரங்கங்களில் 2025 ஏப்ரலில் அமலுக்கு வந்திருக்க வேண்டும். வராமல் ஒத்திப் போடப்பட்டது.

அதே 2025 ஏப்ரல் மாதத்தில் இன்னொரு காரியமும் நடந்தது. செலவைக் குறைக்கிறோம் என்று சொல்லி, அந்த ஆராய்ச்சி நிலையத்தின் சிப்பந்திகளில் மிகப் பெரும்பாலோருக்கு வேலையை விட்டு நீக்கும் நோட்டீசு போயிற்று. மேற்கு வர்ஜீனியாவில் மார்கன்டவுன் என்னும் ஊரிலிருந்து கொண்டு சுரங்கத் தொழிலாளரின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்து வந்தவர்களுக்கும் அந்த நோட்டீசு தப்பவில்லை. எக்ஸ்ரே எடுக்கும் வேலை நின்றது. ஒரு சுரங்கத் தொழிலாளி கோர்ட்டுக்குப் போனார். சட்டம் செய்யச் சொன்ன வேலையைச் செய்யாமல் நிறுத்த முடியாது என்று மே மாதத்தில் கோர்ட்டார் உத்தரவிட்டு, அந்தப் பகுதியின் சிப்பந்திகளை வேலைக்குத் திரும்ப அழைக்கச் செய்தார்கள். ஐம்பது வருஷமாக நடந்து வந்த காரியத்தை ஒரு கடிதத்தினால் நிறுத்த முடிந்தது. அதை மீட்பதற்கு நெஞ்சு வியாதிக்காரர் ஒருவர் கோர்ட்டுப் படியேற வேண்டியிருந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. தொழிற்சாலை எதையும் மூடச் சொல்லி யாரும் நோட்டீசு அனுப்பவில்லை. வியாதியை எண்ணுகிறவனுக்குத்தான் நோட்டீசு போயிற்று. எண்ணுகிறவனை அனுப்பி விட்டால் அடுத்த வருஷ அறிக்கையில் வியாதி குறைந்தது போலவே தோன்றும். கணக்குப் பிள்ளையை விலக்கி விட்டுக் கடனில்லை என்று சொல்லிக் கொள்ளும் மிராசுதாரரின் சாமர்த்தியம் இது.

நம் நாட்டு நிலைமை

நிற்க, நம் நாட்டு விஷயத்திற்கு வருவோம். இந்தியாவிலும் ஆராய்ச்சி நிலையம் இல்லாமல் இல்லை. 1966-ல் ஆமதாபாத்தில் இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சிலின் கீழ் தொழிற் சுகாதாரத்திற்கென்றே ஒரு நிலையம் ஏற்பட்டது. அதனால் பிரயோசனம் உண்டா என்று கேட்பவர்களுக்கு மாண்ட்சோரைச் சொல்லுவோம். மத்தியப் பிரதேசத்தில் மாண்ட்சோர் ஜில்லாவில் சிலேட்டுக் குச்சி செய்வது குடிசைத் தொழில் போல நடந்து வந்தது. நம் குழந்தைகள் அ, ஆ எழுதிப் பழகிய குச்சிதான் அது. கல்லைச் சக்கரத்தில் அறுக்கும்போது கிளம்பும் தூசியில் சிலிக்கா. ஆமதாபாத்து நிலையத்தார் அங்கு போய்ப் பரிசோதித்து, தாங்கள் பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் இருப்பதாக 1985-ல் வெளியிட்டார்கள். ஒரு பிள்ளை எழுத்துக் கற்பதற்காக இன்னொரு பிள்ளையின் தகப்பன் மூச்சை விட்டிருக்கிறான் என்பது அந்த ஆராய்ச்சி நடந்த பிறகல்லவா நமக்குத் தெரிந்தது?

1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே சிலிக்கோசிஸ் சர்க்காருக்கு அறிவிக்க வேண்டிய வியாதிகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. சட்டம் சரிதான். ஆனால் அறிவிப்பதற்கு முன் யாராவது கண்டுபிடிக்க வேண்டுமே? கல்குவாரியிலும், ஜல்லி உடைக்கும் இடத்திலும், கல் இழைக்கும் கொட்டகையிலும் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் பேர் எந்தப் பதிவிலும் இருப்பதில்லை. இன்று ஒரு குவாரி, நாளை ஒரு குவாரி. வியாதி வெளியாகும்போது அவன் எந்த முதலாளியின் தூசியால் கெட்டான் என்று சொல்லக் கூட ஒரு சீட்டு அவன் கையில் கிடையாது. ராஜஸ்தானத்தில் கல்லுடைப்போரும் அவர்களுக்காக உழைத்தவர்களும் பல வருஷம் போராடிய பின் 2019-ல் அந்த ராஜ்ய சர்க்கார் தூசி வியாதிக்காரருக்கென்று தனிக் கொள்கை ஒன்றை வெளியிட்டார்கள். சிலிக்கோசிஸ் ராஜஸ்தானத்தில் மட்டும்தான் இருக்கிறதா? கருங்கல் எல்லா ராஜ்யத்திலும் கருங்கல்தானே? தேடிய இடத்தில் வியாதி இருக்கிறது. தேடாத இடத்தில் சுகம் இருக்கிறது!

ஆயுத பூஜை வந்தால் நம்மவர் இயந்திரத்தைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பூசணிக்காய் உடைக்கிறார்கள். விபத்து வராமல் இருக்கவாம். அந்த இயந்திரம் ஒரு நாளைக்கு எவ்வளவு தூசி கக்குகிறது என்று வருஷத்தில் ஒரு நாள் அளந்து பார்த்தால், பூசணிக்காய் உடைக்கிற செலவை விடக் கொஞ்சம் கூடுதலாக ஆகலாம்; ஆனால் விபத்து நிஜமாகவே குறையும்.

ஆட்சேபணைகளுக்குச் சமாதானம்

"இதற்கெல்லாம் பணம் ஏது?" என்று கேட்பார்கள். செத்தவனுடைய பெண்டாட்டி பிள்ளைகளுக்கு ஆகும் செலவை, ஆஸ்பத்திரிப் படுக்கைக்கு ஆகும் செலவை, முப்பத்தைந்து வயதில் வேலைக்கு உதவாமல் போன கைகளின் நஷ்டத்தை இவர்கள் கணக்கில் சேர்ப்பதே இல்லை. தண்ணீர்க் குழாய்க்கு ஆகும் செலவு மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது. ஏனென்றால் குழாய்ச் செலவு முதலாளியுடையது. மற்றச் செலவெல்லாம் தொழிலாளியின் குடும்பத்தினுடையது.

"தொழில் வேறு இடத்திற்கு ஓடிப் போய்விடும்" என்பார்கள். மலையைப் பெயர்த்துக் கொண்டு எந்தக் குவாரி ஓடிப்போயிற்று என்று தெரிந்து கொள்ள விரும்புகிறோம். அன்றியும், விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்து விட்டால் யோக்கியமாக நடக்கிற முதலாளிக்குத்தான் லாபம். தூசியை அடக்கச் செலவு செய்தவர் செய்யாதவரிடம் விலைப் போட்டியில் தோற்க வேண்டியதில்லை.

"சர்க்காரே முதலாளிமார் கையிலிருக்கும்போது சர்க்கார் ஆராய்ச்சி மட்டும் யோக்கியமாக இருக்குமா?" என்று நம் தோழர்களே சிலர் கேட்கிறார்கள். இது நியாயமான கேள்வி. கோலார்ச் சுரங்கமே 1956-ல் கம்பெனியார் கையை விட்டு மைசூர் சர்க்காரிடம் வந்து, பின்பு மத்திய சர்க்காரிடம் போய், 2001-ல் மூடப்பட்டது. ஆகவே சர்க்காரும் முதலாளியாக இருப்பதுண்டு. அதனால்தான், ஆராய்ச்சி செய்கிறவனைத் தொழில் நடத்துகிற இலாகாவின் கீழ் வைக்கக் கூடாது, அவன் கண்டதை மந்திரியின் சம்மதமில்லாமலே பிரசுரிக்கச் சட்டம் இடம் தர வேண்டும், அவனை ஒரு கடிதத்தினால் நிறுத்த முடியாதபடி செய்ய வேண்டும் என்று சொல்லுகிறோம். சர்க்காரை நம்பி விடுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. நம்ப வேண்டிய அவசியமில்லாதபடி கணக்கைப் பகிரங்கமாக வைக்கச் சொல்லுங்கள் என்கிறோம்.

நாம் கேட்பது அதிகமல்ல. கல்லிலும் கரியிலும் பஞ்சிலும் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் செலவில்லாத நெஞ்சுப் பரிசோதனை வேண்டும். முடிவு அவனுக்குத் தெரிய வேண்டும்; அது தெரிந்ததற்காக அவன் வேலை போகக் கூடாது. அவன் எங்கெங்கே வேலை செய்தான் என்பதற்கு அவன் கையில் ஒரு சீட்டு இருக்க வேண்டும். தொழிலாளர் எழுதிப் போட்டால் ஆராய்ச்சியாளர் வந்து காற்றை அளக்க வேண்டும். அளந்த கணக்கைத் தமிழிலும், மற்றப் பிரதேசங்களில் அந்தந்தப் பாஷையிலும், வேலைத்தலத்தின் வாசலிலேயே எழுதி ஒட்ட வேண்டும். இந்த ஐந்தில் எதற்கும் புது விஞ்ஞானம் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. எல்லாம் ஏற்கனவே தெரிந்தவை.

தொழிற்சங்கத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கூலிக்காகவும் போனசுக்காகவும் போராடுவது நியாயம்தான். ஆனால் நாற்பதாயிரம் மேற்கு வர்ஜீனியாத் தொழிலாளர் ஒரு காசு கூலி கேட்காமல், நெஞ்சுக்குச் சட்டம் வேண்டும் என்று மட்டும் கேட்டு வேலையை நிறுத்தியிராவிட்டால், 1969-ல் அமெரிக்கச் சட்டமும் வந்திராது. அதன் பிறகு காப்பாற்றப்பட்ட உயிர்களும் காப்பாற்றப்பட்டிரா. அடுத்த தடவை முதலாளியிடம் கொடுக்கும் மகஜரில், "எங்கள் காற்றை அளந்து கணக்கைக் காட்டு" என்று ஒரு வரி சேர்த்துக் கொள்ளுங்கள். நாற்பது வயதில் இருமிச் செத்த ஒருவனைப் பார்த்து, "தலையெழுத்து" என்று யாராவது சொன்னால், "அவன் எந்தக் குவாரியில் வேலை பார்த்தான்?" என்று திருப்பிக் கேளுங்கள். அந்தக் கேள்வியை ஊரெல்லாம் கேட்க ஆரம்பித்து விட்டால் சர்க்காரும் ஒரு நாள் பதில் தேடித்தான் ஆக வேண்டும்.